பிக்கப் வண்டியின் எச்சரிக்கை ஒலிகள்: எதை நிறுத்தினேன், எதை விட்டுவைத்தேன்

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ரிமோட் சாவியோடு இறங்கிக் கதவைச் சாத்தினால் என் பிக்கப் இரண்டு முறை ஹாரன் அடிக்கும். கேட்டைத் திறக்க இறங்கினாலும் அடிக்கும், பின்னால் கட்டிய சரக்கைச் சரிபார்க்க இறங்கினாலும் அடிக்கும். விடியற்காலையில் அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுக்கிற இந்த ஒலியை நிறுத்தத்தான் முதலில் மின்னணு அமைப்புகளில் கைவைத்தேன். சில ஆண்டுகள் ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஒயரை அறுப்பதோ ஸ்பீக்கரைக் கழற்றுவதோ கூடவே கூடாது. கேட்க வேண்டிய ஒலிகளும் அதோடு போய்விடும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஓபிடி சாக்கெட், அதாவது வண்டியின் கோளாறுகளைக் கண்டறியக் கருவியைச் செருகும் இடம், இருக்கும். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும் சிறிய டிரக்குகளிலும் இது கட்டாயம். அதில் ஒரு அடாப்டரைச் செருகி, லேப்டாப் வழியாக மாட்யூலின், அதாவது வண்டிக்குள் இருக்கும் சிறு கட்டுப்பாட்டுக் கணினியின், அமைப்புகளை மாற்றலாம். ஃபோர்டு, மாஸ்டா வண்டிகளுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது. மலிவான அடாப்டர்கள் பாதியில் இணைப்பை இழப்பதால் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். புதிய மதிப்பை மாட்யூலில் எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி மின்னழுத்தம் இறங்கினால் மாட்யூலே செயலிழந்துபோகலாம். ஆகவே சார்ஜரை மாட்டி வைத்துக்கொண்டு, பழைய மதிப்புகள் அனைத்தையும் சேமித்த பிறகே தொடங்குவேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஹாரன் ஒலியை இப்படித்தான் நிறுத்தினேன்.

சீட் பெல்ட் ஒலியை நான் தொடவில்லை. பக்கத்து இருக்கையில் கனமான கருவிப் பை இருந்தால், இருக்கையின் சென்சார் அதை ஆள் என்று எடுத்துக்கொண்டு கத்தும். பையைப் பின்னால் தரையில் வைத்தேன், தீர்ந்தது. பெல்ட் பூட்டில் செருகும் போலிக் கொக்கிகளை மட்டும் வாங்காதீர்கள். பல வண்டிகளில் பெல்ட் மாட்டியிருக்கிறதா என்பதையும் கணக்கில் கொண்டுதான் ஏர்பேக் எப்படி விரிய வேண்டும் என்பது முடிவாகிறது. அதை முடிவு செய்யும் கணினிக்குப் பொய் சொல்வது உயிரோடு விளையாடுவது.

பின்னால் ஏதாவது இருந்தால் ஒலித்து எச்சரிக்கும் பின்புற சென்சாரையும் நான் தொடவில்லை. டிரெய்லரின் மின்இணைப்பைச் செருகினால் அது தானாக அடங்கிவிடும். சைக்கிள் தாங்கிக்கு அப்படி இணைப்பு இல்லாததால் ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் ஓயாமல் ஒலிக்கும். டேஷ்போர்டு பொத்தானால் அப்போதைக்கு நிறுத்துகிறேன். அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது அது மீண்டும் விழித்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

 

ஒரே தொல்லை, சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தபோது ஹாரன் திரும்ப வந்துவிட்டது. அப்போது சேமித்து வைத்த பழைய கோப்பை முழுவதுமாக ஏற்றாமல், அந்த ஒரு மதிப்பை மட்டும் மாற்றி எழுதினேன். புதிய மென்பொருளில் மற்ற மதிப்புகள் வேறாக இருக்கக்கூடும்.