வீட்டு முன்புறத்துக்கு எது: கொரியன் புல்லா, அருகம்புல்லா, பொடுதலையா?

வீட்டுக்கு முன்னால் அரை சென்ட், ஒரு சென்ட் காலி இடம் இருக்கிறது, அதில் பச்சையாக ஏதாவது பரப்ப வேண்டும் என்று கடலூரிலோ புதுச்சேரியிலோ யாரிடம் யோசனை கேட்டாலும் பதில் ஒன்றுதான்: கொரியன் புல். நர்சரிக்காரர் சொல்வது அதுதான், வீடு கட்டிக் கொடுத்த இன்ஜினியர் சொல்வதும் அதுதான். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெர்முடா பக்கம் போவார்கள். அது வேறு எதுவும் இல்லை, நம் அருகம்புல்தான். மூன்றாவதாக ஒன்று இருப்பது பலருக்கு நினைவுக்கே வராது. கெடிலக் கரையிலும் வயல் வரப்பிலும் தானாகப் படர்ந்து கிடக்கும் பொடுதலை. மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்புறத்தில் இப்போது இருப்பது அதுதான். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரியன் புல்லைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது லாஸ்பேட்டையில் தம்பி வீட்டில். பெர்முடா எங்கள் எதிர்வீட்டில். மூன்றுமே மழை, வெயில் எல்லாம் பார்த்துவிட்டவை.

அழகைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. கொரியன் புல்தான் ஜெயிக்கும். ஊசி போன்ற மெல்லிய இலை, அடர்ந்த பச்சை, காலை வைத்தால் மெத்தை. பெர்முடாவை ஒழுங்காக வெட்டி வைத்தால் இரண்டாவது இடம். பொடுதலை கடைசி. அது புல்லே இல்லை, இலை அகலமாக இருக்கும், வெயில் காலத்தில் பச்சை கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும். போட்டோ எடுத்துப் போடுவதற்காகப் புல்தரை வேண்டும் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கொரியன் புல்லையே வாங்குங்கள்.

செயற்கைப் புல்லைக் கணக்கில் சேர்க்கவில்லை. சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதன் மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். மாமரம், வேம்பு என்று நிழல் கனமாக இருக்கிற வீடுகளுக்கு இந்த மூன்றுமே சரிப்படாது, அங்கே அகல இலை எருமைப்புல்தான் தாங்கும். அருகம்புல்லுக்கு நாள் முழுக்க நல்ல வெயில் வேண்டும், நிழலில் நூலாக இளைத்துக் காணாமல் போய்விடும். கொரியன் புல் லேசான நிழலைப் பொறுத்துக்கொள்ளும். பொடுதலையும் அப்படித்தான். நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் அடர்த்தி போய்விடும்.

உப்பு இந்த ஊர்க்காரர்களுக்கு உள்ள நியாயமான கவலை. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் கோடை முற்ற முற்ற போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கும். ரோஜா இலை ஓரம் கருகும், செம்பருத்தி மொட்டு உதிரும். ஆனால் புல்தரை விஷயத்தில் இதை வைத்து ஒன்றைத் தள்ளி இன்னொன்றை எடுக்க முடியாது. மூன்றுமே ஓரளவு உப்பைத் தாங்கும். பொடுதலை உவர்நிலத்திலேயே வளர்கிற செடி.

உப்பு எவ்வளவு என்பதை விட, தண்ணீர் எத்தனை லிட்டர் என்பதுதான் கணக்குப் போட வேண்டிய விஷயம். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் அது ஒரு லிட்டர். கோடையில் புல்தரை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சென்டுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர். குடத்தில் சொன்னால் பதிமூன்று, பதினான்கு குடம். மணல் கலந்த நிலத்தில் இதை மூன்று நாளுக்கு ஒருமுறை மொத்தமாகக் கொட்டவும் முடியாது, கீழே இறங்கிவிடும். தம்பி வீட்டில் பங்குனி தொடங்கி ஆடி வரை தினமும் மோட்டார் ஓடுகிறது. பெர்முடா தண்ணீர் இல்லாவிட்டால் காய்ந்து வைக்கோல் நிறத்தில் படுத்துக்கொள்ளும், மழை பட்டதும் எழுந்துவிடும், சாகாது. பொடுதலைக்கு வேர் ஆழமாகப் போகும். கத்திரி வெயிலிலும் வாரத்துக்கு இரண்டு முறை நன்றாக நனைத்தால் எங்களுக்குப் போதுமாக இருக்கிறது.

சரி, இதெல்லாம் பக்கவாட்டு விஷயங்கள். நான் முடிவெடுத்தது வேறு ஒரு காரணத்தால். வெட்டுதல்.

புல்தரை பற்றிய குறிப்புகளில் எல்லாம் வெட்டுவதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வாரம் ஒருமுறை வெட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டு என்று. நம் கடற்கரையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும் என்பதை அந்தக் குறிப்புகள் நினைத்துப் பார்ப்பதில்லை. கோடை முழுக்கச் சோர்ந்து கிடந்த புல், ஐப்பசி பிறந்ததும் வெறி பிடித்து வளரும். அதே சமயத்தில்தான் தரை சொதசொதவென்று இருக்கும். மிஷினை இறக்கினால் சக்கரம் அழுந்தி இரண்டு கோடு பள்ளம் விழும். ஈரப் புல் பிளேடில் சுற்றிக்கொள்ளும். மின்சார மிஷினை ஈரத்தில் ஓட்டுவது உயிரோடு விளையாட்டு. பெட்ரோல் பிரஷ் கட்டர் வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடலாம் என்றால், அவருக்கும் அந்த இரண்டு மாதம்தான் ஊர் முழுக்க அழைப்பு. தம்பி போனில் புலம்புவான்: “ணே, நாளைக்கு வரேன் நாளைக்கு வரேன்னே ஓட்டுறாரு. அதுக்குள்ள மறுபடி மழை புடிச்சிக்குது.”

தாமதமானால் உயரம் கூடும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக் கூடாது என்பது புல்தரை வைத்திருப்பவர்களின் பொது விதி. பச்சை இலை மேல்பாதியில்தான் இருக்கும். கீழே இருப்பது வெயில் படாத வெளிறிய தண்டு. மூன்று அங்குலம் வளர்ந்துவிட்டதை ஒரே நாளில் ஒரு அங்குலத்துக்கு இறக்கினால், பச்சை முழுவதும் குப்பைக் கூடைக்குப் போய்விடும், தரையில் நிற்பது மொட்டைக் காம்பு. எதிர்வீட்டுப் பெர்முடா மார்கழிக் கோலத்துக்குப் பக்கத்தில் இப்படித்தான் காவி நிறத்தில் நிற்கும். பொங்கலுக்குப் பிறகுதான் மறுபடி தேறும். சொந்தக்காரர்கள் எல்லாம் வருகிற மாதத்தில் அசிங்கமாக இருந்துவிட்டு, ஆள் இல்லாத மாசியில் பச்சையாக இருக்கும் புல்தரையால் யாருக்கு என்ன லாபம்?

கொரியன் புல் மெதுவாக வளரும், அதனால் வெட்டுவது குறைவு என்பார்கள். பெர்முடாவோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் வெட்டாமல் விட்டால் அது உயரத்தில் வளர்வதை விட்டு உப்பத் தொடங்கும். தரை மேடு மேடாகக் குமிழ் விடும். பார்க்க அழகாகக்கூட இருக்கும். அந்த மேட்டை விரலால் விலக்கிப் பாருங்கள். மேலே ஒரு விரற்கடை பச்சை, அதற்குக் கீழே காய்ந்த தண்டும் மக்காத சருகுமாகத் திண்டு கட்டியிருக்கும். மழைக்காலத்தில் அந்தத் திண்டு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கங்கே வட்டமாகப் பழுப்பு விழும், அது பூஞ்சணம். அப்புறம் மேட்டைச் சமன் செய்ய வெட்டினால் உள்ளே இருந்த வைக்கோல் வெளியே தெரியும். லாஸ்பேட்டையில் ஒரு மூலையை முழுவதும் பெயர்த்தெடுத்துப் புதுப் புல் பதிக்க வேண்டியதாயிற்று. கொரியன் புல் பொறுமையாகப் பரவுவது என்பதால் அந்த ஒட்டு இன்னும் தனியாகத் தெரிகிறது.

பொடுதலை இந்த இடத்தில்தான் மற்ற இரண்டையும் விட்டு விலகிப் போகிறது. அது மேல்நோக்கி வளர்வதில்லை, பக்கவாட்டில் ஓடுகிறது. கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு ஒட்டிக்கொள்ளும். நடமாட்டம் உள்ள இடத்தில் இரண்டு அங்குலத்தைத் தாண்டுவதில்லை. நடக்காத ஓரங்களில் நான்கைந்து அங்குலம் வரை எழும். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை கத்தரியால் மேலாக்கில் ஒரு சீவு, அவ்வளவுதான். மழைக்காலத்தில் தொடவே வேண்டியதில்லை. வெட்டு தள்ளிப் போனால் தண்டனை கிடையாது, இலை கணுவுக்குக் கணு இருப்பதால் எங்கே வெட்டினாலும் பச்சை மிச்சம் இருக்கும். முழங்கால் உயரப் புல்லுக்குள் பாம்பு இருக்குமோ என்ற பயமும் கார்த்திகையில் இல்லை.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது அங்கே ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அடுத்த ஒன்றிரண்டு நாளில் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் ஒரு வழியாகிவிட்டது. எங்கள் தெருவில் ஆற்றுத் தண்ணீர் ஏறவில்லை, மழைத் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு முன்புறம் முழுவதும் மெல்லிய வண்டல். பொடுதலை போய்விட்டது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். வண்டல் வெடித்த கோடுகள் வழியாகவே துளிர் வந்தது. ஆற்றங்கரைச் செடி, அதற்கு இது பழக்கம். பெர்முடாவும் பிழைத்தது, அதை மறைக்கக் கூடாது. கொரியன் புல்லின் மேல் அந்த மாதிரி வண்டல் படிந்து நான் பார்த்ததில்லை.

பொடுதலையில் குறையும் இருக்கிறது. முதலில் தேனீ. பூவைக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். மிளகு அளவில் கருஊதாத் தலை, அதைச் சுற்றி வெள்ளையும் இளம் ஊதாவுமாக ஒரு பூ வளையம். வளையம் மேலே ஏற ஏறத் தலை நீண்டு சின்னத் திப்பிலி மாதிரி ஆகிவிடும். காலை எட்டு மணிக்கு மேல் அதில் தேனீ மொய்க்கும், சின்னப் பட்டாம்பூச்சிகளும் வரும். தோட்டத்தில் சுரை, பூசணி, பீர்க்கு போட்டிருப்பவர்களுக்கு இது வரம். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். பூக்கும் பருவத்தில் இன்னொரு சீவு சீவிவிட்டால் கொஞ்ச நாளைக்குத் தேனீ குறையும்.

இரண்டாவது, கோரை. டிப்பரில் செம்மண் அடித்த எந்த வீட்டிலும் கோரைக் கிழங்கு கூடவே வந்து இறங்கியிருக்கும். புல்தரையில் கோரை வந்தால் மருந்து உண்டு. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக்காரர்கள் கோரைக்கு அடிக்கும் ஹாலோசல்ஃபியூரானை வெளிநாட்டில் பெர்முடா, சோய்சியா புல்தரைகளிலும் அடிக்கிறார்கள். கொரியன் புல் சோய்சியா இனம்தான். பொடுதலை அகல இலைச் செடி என்பதால் அதன் மேல் இதை அடிக்க எனக்குத் தைரியம் இல்லை. கையால்தான் எடுக்கிறோம். ஒரே ஆறுதல், அகல இலைக்கு நடுவே ஈட்டியாக நிற்கும் கோரை தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். மழை விட்ட மறுநாள், மண் இளகியிருக்கும்போது களைக்கொத்தின் முனையை விட்டு நெம்பினால் கிழங்கோடு வரும். இழுத்தால் தலை மட்டும் வரும், கிழங்கு கீழேயே இருந்து இரண்டாக முளைக்கும்.

மூன்றாவது, எல்லை தாண்டுவது. பொடுதலை பாத்திக்குள் ஓடும், சிமெண்ட் தரையில் கூட ஓர் அடி நீட்டிப் பார்க்கும். ஆனால் அது மேலாகத்தான் ஓடுகிறது, மண்வெட்டியால் ஓரத்தில் ஒரு கோடு போட்டால் முடிந்தது. அருகம்புல் பூமிக்கு அடியில் போய்க் கத்திரிப் பாத்தி நடுவில் தலை நீட்டும். அதைத் தோண்டி எடுத்தவர்களுக்கு வித்தியாசம் புரியும். அருகம்புல்லுக்கு ஒரு நல்லதும் சொல்ல வேண்டும்: எதிர்வீட்டில் சதுர்த்திக்குச் சதுர்த்தி பிள்ளையாருக்குப் பறிக்கத் தெருவே வருகிறது. எங்கள் வீட்டுக்கு அந்த மரியாதை இல்லை. “எண்ணெய் காய்ச்சித் தலைக்குத் தேய்க்கிறதைப் போய்க் காலுக்குக் கீழே போட்டிருக்கியே” என்று அம்மா இன்னமும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு ஒரு கைப்பிடி கிள்ளிக்கொண்டும் போவார்கள்.

என் அனுபவம் ஒரு சென்டுக்கும் குறைவான இடத்தில்தான், அதில் நடப்பவர்கள் பெரியவர்கள். தினமும் கிரிக்கெட் ஆடும் பையன்கள், குழி தோண்டும் நாய் இருக்கும் வீட்டில் பெர்முடாவைத்தான் சொல்வேன். மிதிபட்டு மறுபடி எழும் விஷயத்தில் அதற்கு நிகர் இல்லை, வெட்ட ஆள் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து சென்ட் பங்களா, மாதச் சம்பளத்துக்குத் தோட்டக்காரர், சொந்தமாக மிஷின் என்றால் கொரியன் புல் வைத்துக்கொள்ளலாம், அங்கே நான் சொன்ன வெட்டுப் பிரச்சினை பாதியாகிவிடும்.

பொடுதலை போடுவதென்றால் விலைக்குத் தேட வேண்டாம். ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும், சாக்கடை ஓரத்தில் எடுக்காதீர்கள். மூன்று நான்கு கணு உள்ள துண்டாகக் கிள்ளி, கொத்திச் சமன் செய்த மண்ணில் அரை அடி இடைவெளியில் படுக்க வைத்து இரண்டு கணுவை மண்ணால் மூட வேண்டும். நடுவதற்கு முன் நிலத்தை நனைத்து இரண்டு வாரம் சும்மா போட்டால் கோரை எல்லாம் முளைத்துக் காட்டிக்கொடுக்கும், அப்போதே கிழங்கோடு எடுத்துவிடலாம். எங்களுக்குத் தை மாதம் சரியாக வந்தது: மழை ஓய்ந்திருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் ஏறுவதற்குள் இரண்டு மாதத்தில் தரை மூடிவிடும். மூடும் வரை மட்டும் தினமும் தண்ணீர், ஆள் நடமாட்டமும் வேண்டாம்.