கட்டம் கட்டமாகத் தைத்து முடிக்கும் போர்வை: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக் கட்டில்களில் இப்போது கிடப்பவை எல்லாம் பழைய பருத்திச் சேலையில் நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள்தான். துணியைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்தையும் தனியாக முழுசாகத் தைத்து முடித்து, எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியில் இணைக்கிற முறை. இணையத்தில் தேடுகிறவர்கள் ‘குவில்ட் ஆஸ் யூ கோ’ என்று தேடலாம். பல வருடமாக இந்த முறையில்தான் தைக்கிறேன். பிள்ளைகள் இழுத்துப் போர்த்தி, மொட்டை மாடியில் காய்ந்து, திரும்பத் திரும்பத் துவைபட்ட பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

பாதியில் நின்றுபோன போர்வை வேலைகளைப் பாருங்கள். பெரும்பாலும் மேல்துணி அழகாக இணைத்து முடிந்திருக்கும். அதற்கு அடுத்த படியில்தான் வேலை நின்றிருக்கும். வழக்கமான முறையில் அடித்துணியைத் தரையில் விரித்து, மேலே உள்துணி, அதற்கு மேலே மேல்துணி என்று மூன்றையும் சுருக்கம் இல்லாமல் போட்டு, நூல் ஓட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கட்டில் போர்வைக்கே ஐந்தடிக்கு ஏழடி காலித் தரை வேண்டும். மின்விசிறி ஓடினால் துணி எழும்பும். நம்மூர்ச் சித்திரை, வைகாசியில் விசிறியை நிறுத்திவிட்டு, பட்டாசலில் முழங்காலிட்டுக்கொண்டு அதைச் செய்ய யாரால் முடியும்? அதையும் தாண்டினால், தைக்கும்போது முழுப் போர்வையும் மடியில் கிடந்து புழுங்கும். ஆர்வம் குறைந்ததால் வேலை நின்றது என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். என் அனுபவத்தில் காரணம் இடமும் வெக்கையும்தான். அந்த ஒரு படியைத் துண்டு துண்டாக உடைத்துவிட்டால் போர்வை தானாக முடிவுக்கு வந்துவிடுகிறது.

கணக்கு இதுதான். முடிந்த கட்டம் 12 அங்குலம். குறுக்கே 5, நெடுக்கே 7 என்று 35 கட்டம் சேர்ந்தால் 60 அங்குலத்துக்கு 84 அங்குலப் போர்வை. துணியை முதலில் 13 அங்குலமாக வெட்ட வேண்டும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது துணி உள்வாங்கும். நெருக்கமாகத் தைத்த கட்டம் கொஞ்சம் கூடுதலாகவே சுருங்கும். அதனால் தைத்து முடித்த பிறகு எல்லாவற்றையும் 12½ அங்குலத்துக்குச் சமமாக நறுக்கிக்கொண்டால், கால் அங்குலத் தையல் விளிம்பு போக 12 சரியாக நிற்கும். ஐந்தரை மீட்டர் சேலையில் அகலம் 45 அங்குலம் இருந்தால் குறுக்கே 3, நெடுக்கே 16 என்று 48 துண்டு கிடைக்கும். மேலுக்கும் அடிக்கும் சேர்த்து 70 வேண்டும், ஆக இரண்டு சேலை. நைந்த இடத்தைக் கழித்தாலும் போதும். இடுப்பில் செருகுகிற உள்முந்தியும் குதிகாலில் உரசுகிற கீழ்க்கரையும்தான் முதலில் நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரிந்துவிடும்.

35 என்ற எண்ணைக் கேட்டு நான் மலைத்தபோது அத்தைதான் கணக்குப் போட்டுச் சொன்னாள்: “மாசத்துக்கு ஒண்ணு தச்சாலும் மூணு வருசத்துல போர்வை வந்துரும்லா, ஏன் பயப்படுத?” மாசத்துக்கு ஒன்றோடு யாரும் நிற்பதில்லை. ஒரு கட்டம் முடிந்தால் அடுத்ததை எடுக்கக் கை பரபரக்கும். முன்பக்கத் தார்சாவில் உட்கார்ந்து, மேலே விசிறி ஓட, மடியில் ஒரு சதுரத்தை மட்டும் வைத்துத் தைக்கலாம். நாகர்கோவில் ரயிலில்கூடத் தைத்திருக்கிறேன்.

உள்துணிதான் நெல்லைக்காரர்கள் ரொம்ப யோசிக்க வேண்டிய விஷயம். காணொளிகளில் காட்டுகிற பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு குளிர் நாடுகளுக்கு ஏற்றது. இங்கே அதைப் போட்டால் முதுகு வேர்த்து நனையும். நாளாக நாளாக இழைகள் மேல்துணி வழியாக மயிர் மயிராக வெளியே வரவும் செய்கின்றன. நான் அதை விட்டுவிட்டேன். தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சு போர்வைக்கு ஆகாது, துவைத்தால் ஓரிடத்தில் கட்டிக்கொள்ளும். பருத்திப் பஞ்சு விரிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் விலை அதிகம். முதல் துவையலில் சுருங்கவும் செய்யும்.

எனக்குக் கடைசியில் நிலைத்தது பழைய எட்டு முழ வேட்டி. பல வருடம் துவைத்துப் பதமான வேட்டி இனிச் சுருங்காது. வெள்ளையாக இருப்பதால் மெல்லிய மேல்துணிக்கு அடியில் நிழல் தட்டாது. ஊசியும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு வேட்டியில் 30 துண்டு வரை தேறும். மழை மாதங்களில் கொஞ்சம் கனமாக வேண்டும் என்பவர்கள் இரண்டு மடிப்பாக வைக்கலாம். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நெருக்கமாக நெய்த புதுப் படுக்கை விரிப்பை அடித்துணியாக வைக்காதீர்கள். கையால் தைப்பவர்களுக்கு விரல் நுனி போய்விடும்.

உடுத்திப் பழசான சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போடுவது வங்காளத்துக் காந்தா. கர்நாடகத்தில் உத்தர கன்னடப் பக்கம் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கிற கவந்திப் போர்வையில் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கி வருவார்கள். அந்த இரண்டையும் பார்த்துத்தான் பஞ்சு இல்லாமலே போர்வை கனமாகவும் அழகாகவும் வரும் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கைத்தையலுக்கு 9 அல்லது 10ம் எண் குட்டை ஊசி. கை ஊசியில் எண் கூடக் கூட ஊசி மெலிதாகும். ஐப்பசி, கார்த்திகையில் ஊசி துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி வெள்ளைத் துணியில் விடுகிற கறை லேசில் போகாது. அதனால் ஸ்பாஞ்சில் குத்தி வைக்காமல், கம்பளித் துணி மடிப்பில் குத்தி டப்பாவுக்குள் வைக்கிறேன். நூல் பெரும்பாலும் மதுரா கோட்ஸின் ஆங்கர்தான். ஒரு கண்டில் 8 மீட்டர், 6 இழை. இரண்டு இழையாகப் பிரித்து ஓட்டினால் தையல் எடுப்பாகத் தெரியும். பாபநாசத்தில் 1880களில் தொடங்கிய ஹார்வி மில் பிற்பாடு மதுரா கோட்ஸ் ஆனது நம் பக்கத்து எல்லோருக்கும் தெரியும். எந்த வீட்டிலும் மில்லில் வேலை பார்த்த ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அந்த உறவில் நூலின் மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம் உண்டு. சாயம் கெட்டிதான் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வேறு ஒரு சிவப்பு நூல் வாங்கி, ஒரு மேஜை விரிப்பு முழுக்க ரோஸ் நிறம் பரவிவிட்டது. அதற்குப் பிறகு சிவப்பும் கருநீலமும் எந்தக் கடையில் வாங்கினாலும் ஈர வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்காமல் தொடுவதில்லை.

இனி குறைகள். கட்டங்களை இணைக்கிற இடம் தடிமனாகத்தான் வரும். முன்பக்கம் கால் அங்குலத்தில் தைத்து, பின்பக்கம் தெரியும் விளிம்பை ஒன்றரை அங்குலப் பட்டி வைத்து மூடி எம்மிங் செய்கிறேன். நான்கு கட்டம் சந்திக்கிற மூலையில் அடுக்குகள் கூடிவிடும். கால் மிஷினில் 14ம் எண் ஊசி அங்கே ஒடிகிறது. மிஷின் ஊசியில் எண் கூடினால் தடிமன் கூடும்; 16ம் எண் ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் நீட்டி, பாதத்தின் அழுத்தத்தை மேலே உள்ள திருகில் தளர்த்திக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தாண்டிவிடலாம். பழைய கறுப்பு மிஷின்தான் என்னிடம் இருக்கிறது. நேர்த்தையல் மட்டும் போடும். கரண்டு வேண்டாம். இந்த வேலைக்கு அதைவிட நல்ல மிஷினை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொரு குறை பெரிசு. ஒரே கொடியோ மயிலோ போர்வை முழுக்கப் படர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது சரிவராது. கட்டத்துக்குக் கட்டம் கோடு பிசகும்.

என்ன தைப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ‘ஐடியா கிடைக்கவில்லை’ என்று சொல்லித் தோழிகள் மணிக்கணக்காகக் கைப்பேசியில் படம் பார்க்கிறார்கள். நம் வாசலில் கிடக்கிறது. சிக்குக்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கம்பியில் போகிற கோலம் கிளம்பிய புள்ளிக்கே திரும்பி வந்து சேரும். சுண்ணாம்புப் பென்சிலால் ஓர் அங்குல இடைவெளியில் புள்ளி வைத்து, அந்தக் கம்பியின் மேலேயே ஓட்டுத்தையல் போட்டால் கட்டம் முழுக்க மூன்று அடுக்கும் ஒரே சீராகப் பிடித்துக்கொள்ளும். தொடங்கிய இடத்திலேயே முடிச்சையும் ஒளித்துவிடலாம். போர்வைக்கென்றே யாரோ கண்டுபிடித்த கோடு என்று எனக்குத் தோன்றுகிறது.

இடுக்குப் புள்ளிக் கோலம் இன்னும் அருமை. ஏழிலிருந்து நான்கு வரை வைத்தால் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி. வெளிநாட்டார் காகிதம் வைத்து அறுகோணத் துண்டுகளை இணைத்துச் செய்கிற பூவிலும் நடுவில் 1, சுற்றி 6, அப்புறம் 12, அப்புறம் 18 என்று அதே 37 வருகிறது. புள்ளிக்கு ஒரு அறுகோணம். ஒரு பக்கம் முக்கால் அங்குலமாக வெட்டினால் 7 துண்டு வரிசை சுமார் 9 அங்குலம் வரும், ஒரு கட்டத்தின் நடுவில் வைத்துத் தைக்கச் சரியான அளவு. காகிதத்துக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. விறைப்பாக நிற்கும், எல்லா வீட்டிலும் கட்டுக்கட்டாக இருக்கும். தையல்கடையில் கேட்டால் ரவிக்கை வெட்டுத்துணி கை நிறையக் கொடுப்பார்கள், அறுகோணத்துக்கு அது தாராளம்.

வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். 2023ல் புவிசார் குறியீடு கிடைத்த நெசவு அது. செடியும் பூவும் தறியிலேயே விழுகிறது, தூரத்திலிருந்து பார்த்தால் ஊசியால் பூத்தையல் போட்டது போலவே இருக்கும். அந்தச் செடியைச் சங்கிலித் தையலிலும் காம்புத் தையலிலும் ஒரு கட்டத்தில் போட்டேன், அந்தப் போர்வையிலேயே எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். பத்தமடைப் பாயின் இரு முனையிலும் வருகிற பட்டைகள் ஓரப்பட்டிக்கு நல்ல வழிகாட்டி: அகலப் பட்டை, மெலிசு, மறுபடி அகலம். திருப்புடைமருதூர்க் கோபுரத்துக்குள் இருக்கிற பழைய ஓவியங்களில் மனிதர்கள் உடுத்தியிருக்கிற துணிகளின் கோடும் கட்டமும் பூவும் மட்டுமே ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய வரும்.

வெள்ளையில் வெள்ளை பிடித்தவர்களுக்கு இடையன்குடி. கால்டுவெல்லின் மனைவி எலிசா அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய் மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். திண்டில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது அது. அந்த வலைக் கண்களைப் பார்த்து வேட்டித் துணியில் வெள்ளை நூலால் தைத்த கட்டங்கள், வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தொட்டுப் பார்ப்பவை.

மற்ற ஊசி வேலைகளுக்கும் இதே வழக்கத்தைக் கொண்டுவந்தேன். கட்டம் கட்டமாக நெய்த மேட்டி துணியில் போடும் கிராஸ் ஸ்டிச் படம், அங்குலத்துக்கு 14 கட்டம் என்றால், பத்து அங்குலச் சதுரத்துக்கே 19,600 தையல். அதை ஒரே வேலையாக நினைத்தால் யாருக்கும் கை ஓயும். பத்துக்குப் பத்துக் கட்டமாக நூலால் கோடு பிரித்து வைத்து, ஒரு சதுரம் முடிந்ததும் வரைபடத்தில் நிறம் அடித்துவிடுகிறேன். நிறுத்துகிற நேரத்தில் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, நூல் கோத்த ஊசியோடு பையில் வைப்பேன். ‘இலைக்குப் பச்சை, வலது மூலையிலிருந்து’ என்கிற அளவுக்கு எழுதினால் போதும். துணியை இறுக்கிப் பிடிக்கிற வளையத்தை மட்டும் கழற்றிவிட வேண்டும். மாட்டியபடியே விட்டால் வட்டத் தழும்பு விழும், திருகின் துருவும் ஒட்டும். தண்ணீரில் அழிகிற நீல மை பேனாவால் வரைந்திருந்தால் இஸ்திரி போடும் முன் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். சூடு பட்டால் அந்த மை துணியிலேயே தங்கிவிடும்.

துவைப்பதில் தண்ணீர் பெரிய வித்தியாசம் காட்டுகிறது. தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் அலசியவை மெதுமெதுவென்று இருக்கின்றன. போர் தண்ணீரில் துவைத்தால் மொரமொரப்பாகி நிறமும் மங்குகிறது. முறுக்கிப் பிழியாமல், இரண்டு கொடியில் சேர்த்துப் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். நேர் வெயிலில் காய்ந்த போர்வையின் மஞ்சள் கட்டங்கள் வெளுத்தே போயின.

இத்தனை வருடத்தில் முதலில் கிழிந்தது தோள் பக்கம் வருகிற இரண்டாம் வரிசை. தூக்கத்தில் கை பிடித்து இழுக்கிற இடம். கட்டத்தைச் சுற்றியிருந்த பட்டியைப் பிரித்து, அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிட்டுப் புதுசு வைத்துத் தைத்தேன், ஒரு மத்தியான வேலைதான். அதனால் இப்போது ஒவ்வொரு போர்வைக்கும் 35க்குப் பதில் 37 கட்டம் தைத்து, மிச்சம் இரண்டையும் போர்வையோடு சேர்த்தே துவைத்து வைக்கிறேன். நிறம் ஒரே மாதிரி வெளுத்து வந்தால் மாற்றிய இடம் தனியாகத் தெரியாது.