மொடல் ரயில் மேடை: திருமலை ஈரத்தில் எது நிற்கும்?

"இதில ஆர் தம்பி படுக்கிறது?"

நீளம் 8 அடி, அகலம் 2½ அடி, இடையிடையே குறுக்குச் சட்டம். கொப்பித் தாளில் நான் கீறிக்கொண்டு போனதைப் பார்த்து ஓடாவியார் கேட்ட முதல் கேள்வி இது. கட்டில் இல்லை அண்ணன், மேலே மொடல் ரயில் ஓடும் என்றேன். தாளை இன்னொரு தடவை பார்த்தார். "சின்னக் கோச்சிக்கு இவ்வளவு மரமோ?"

கேட்டதில் பிழையில்லை. ஓஓ அளவில், அதாவது அசலின் 76இல் ஒரு பங்கில், ஒரு டீசல் எஞ்சின் ஏறக்குறைய அரைக் கிலோதான் வரும். பத்துப் பெட்டி பூட்டினாலும் மொத்தமாக இரண்டு கிலோ சீனிப் பையின் பாரம்தான். மேடையை நோகடிக்கிறவர்கள் நாங்கள்தான். தூரத்து லைனில் தடம் புரண்ட பெட்டியை எடுக்க முழங்கையை ஊன்றி உடம்பைச் சாய்க்கிறோமே, அப்போதுதான் சட்டம் வளைகிறது. அதற்கு மேல் திருகோணமலைக்கென்று மூன்று தொல்லைகள்: மார்கழி மழையின் ஈரம், கச்சான் காற்றின் வறட்சி, கறையான். இந்த மூன்றையும் முன்னால் வைத்துத்தான் மேடைகளை ஒப்பிட வேண்டும் என்பது என் கட்சி. வெளிநாட்டில் எழுதப்பட்ட வழிமுறைகள் பெரும்பாலும் காய்ந்த நிலக்கீழ் அறையையும், கடையில் நேராகக் கிடைக்கும் பைன் பலகையையும் மனதில் வைத்தவை. உப்புவெளியில் ஜன்னலைத் திறந்தால் வருவது கடல் காற்று.

என் முதல் மேடை எம்டிஎஃப், மரநாரை அமத்திச் செய்த தகடு. 8க்கு 4 அடித் தகடு, மேற்பரப்பு கண்ணாடி மாதிரி. விற்றவர், "தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது" என்றார். பழைய சாப்பாட்டு மேசை இரண்டைச் சேர்த்து, அதன்மேல் வைத்து, ஆவணியில் லைன் போடத் தொடங்கினேன். கார்த்திகையில் வாடையோடு மழை வந்தது. ஜன்னல் பக்கத்து விளிம்பில் இரண்டு நாள் தூவானம் அடித்தது, அவ்வளவுதான். விளிம்பு தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் போல ஊதிவிட்டது. அதன்மேல் இருந்த பொயின்ட்ஸின், அதாவது லைன் பிரியும் இடத்தின், நாக்கு ஒட்டாமல் நின்றது. ஒவ்வொரு தடவையும் எஞ்சினின் முன் சக்கரம் அந்த இடத்தில் ஏறி, யோசித்து, விழும். காய்ந்த பிறகும் எம்டிஎஃப் பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை. அதை இந்த ஊரில் மேடைக்குப் போடவே வேண்டாம், பேச்சு முடிந்தது.

அதே அளவு பிளைவுட் தகட்டை மேசைமேல் போட்டால்? எம்டிஎஃப்பைவிட எவ்வளவோ மேல். 4 அடி அகலம் இருப்பதால் ஓஓவில் மூன்றாம் ஆரை வளைவு, அதாவது 505 மில்லிமீற்றர், தாராளமாகச் சுற்றிவரும். பிள்ளைகளோடு ஒரு விடுமுறைக்கு விளையாட இது போதும். ஆனால் 18 மில்லிமீற்றர் தகடு ஒன்று 30 கிலோ வரும். சுவரோடு ஒட்டி வைத்தால் அப்பால் பக்கத்துக்குக் கை எட்டாது. நின்றபடி எட்டி வேலை செய்ய 2½ அடிதான் எல்லை. எல்லாவற்றையும்விட, தட்டையான பலகையில் எல்லாமே தட்டையாகத்தான் இருக்கும். தம்பலகாமத்து வயலுக்கு நடுவே பாதை மண்மேட்டில் போகிறது. வயல் தண்டவாளத்துக்குக் கீழே இருக்க வேண்டும். தகட்டில் வயலைக் கீழே இறக்க முடியாது, பாதையைத்தான் தூக்க வேண்டும்.

இனி உண்மையான போட்டிக்கு வருவோம். மரத்தில் இரண்டு வழி: எல்-கேடர், பெட்டிச் சட்டம்.

எல்-கேடர் முறையை 1960களில் பிரபலமாக்கியவர் லின் வெஸ்ட்காட் என்ற அமெரிக்கர். நாலங்குலப் பலகையை நிறுத்தி வைத்து, அதன் மேல்விளிம்பில் இரண்டங்குலப் பட்டியைப் படுக்கையாக ஒட்டித் திருகினால் தலைகீழ் எல் வடிவத்தில் ஓர் உத்தரம் வரும். இப்படி இரண்டை நீளவாக்கில் ஓடவிட்டு, குறுக்குச் சட்டங்களை மேலே சும்மா வைத்து, படுக்கைப் பட்டியின் ஊடாகக் கீழிருந்து திருகாணி ஏற்ற வேண்டும். கெட்டித்தனம் இந்தக் கடைசி விசயத்தில்தான் இருக்கிறது. பொயின்ட்ஸ் மோட்டருக்கு நேர் கீழே ஒரு குறுக்குச் சட்டம் வந்து மறிக்கிறதா? மேலே போட்ட லைனில் கைவைக்காமல், கீழே குனிந்து இரண்டு திருகாணியைக் கழற்றி, சட்டத்தை மூன்று அங்குலம் தள்ளிவிடலாம். குறுக்குச் சட்டங்களின் நுனி சமமாக இருக்கத் தேவையில்லை, ஆகவே மேடையின் முகப்பை விரும்பியபடி வளைக்கலாம். கால்களை முனையில் வைப்பதில்லை. இரண்டு பக்கமும் நீளத்தில் ஐந்திலொரு பங்கு உள்ளே தள்ளி வைத்தால் நடுவும் தொய்யாது, நுனியும் தொங்காது.

பாதை சட்டத்தில் நேராக உட்காருவதில்லை, சிறு கட்டைகளில் ஏறி நிற்கிறது. கட்டையின் உயரத்தை மாற்றினால் ஏற்றம் வந்துவிடும். மலைநாட்டுப் பாதையைக் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல முறை இல்லை. அங்கே அசல் பாதையே 44க்கு 1 என்று, அதாவது 44 அடி ஓட ஓரடி, ஏறுகிறது. தெமோதரையில் லைன் சுற்றிவந்து தன் நிலையத்துக்குக் கீழேயே சுரங்கத்தால் போகிறது. அதை வீட்டில் செய்யப் பார்ப்பவர் ஒரு கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்: ஒரு லைன் இன்னொன்றைக் கடக்க 75 மில்லிமீற்றராவது ஏற வேண்டும், 50க்கு 1 என்று ஏறினால் அதற்கு மட்டும் 3.75 மீற்றர் நீளம் போகும்.

ஆனால் நான் கட்டுவது சீனன்குடாவிலிருந்து திருகோணமலை நிலையம் வரையுள்ள துண்டு. கல்லோயாச் சந்தியில் பிரிந்து 1927இல் இங்கே வந்து சேர்ந்த பாதையின் கடைசிப் பகுதி. கிட்டத்தட்ட சமதரை. கட்டையில் ஏற்றி இறக்கும் வசதிக்கு எனக்கு வேலை குறைவு. அதற்காக உத்தரம், குறுக்குச் சட்டம், கட்டை என்று பத்து அங்குல ஆழத்தை விட்டுக்கொடுத்தால் கீழே பெட்டி வைக்கும் இடம் போய்விடும். எங்கள் வீட்டில் அந்த இடம் அம்மாவின் அதிகாரத்துக்கு உட்பட்டது.

அதைவிடப் பெரிய சிக்கல் மரம். எல்-கேடருக்கு நீளமான, முறுக்கில்லாத பலகை வேண்டும். மரக்காலையில் அறுத்துத் தருவது பெரும்பாலும் பச்சை. நண்பன் ஒருவன் 12 அடியில் இரண்டு உத்தரம் செய்தான், செய்த அன்று நூல் பிடித்தாற்போல நேர். கச்சான் வீசத் தொடங்கி இரண்டு மாதத்தில் ஒன்று வாய்க்கால் போல முறுகி, மேலே இருந்த சட்டங்களையெல்லாம் தன்னோடு திருப்பிக்கொண்டது. முதிரை, பாலை என்று வைரமான மரத்துக்குப் போகலாம், கறையானும் இலேசில் தொடாது. ஆனால் பாரம் தூக்க முடியாது, விலை கேட்க முடியாது, துளை போடாமல் திருகாணி ஏற்றினால் தலை முறிந்து கையில் வரும்.

பெட்டிச் சட்டத்தில் சொல்ல அதிகம் இல்லை. நான்கு பக்கமும் பலகை, 16 அங்குலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டம், மேல்விளிம்பு எல்லாம் ஒரே மட்டம். பின்னால் ஒரு சட்டத்தை நகர்த்த வேண்டுமானால் மேலே உள்ளதைக் கிளற வேண்டும், அதுதான் குறை. நிறை என்னவென்றால் ஆழம் நாலே அங்குலம், துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டுச் சேர்க்கலாம், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். கட்டத் தொடங்குமுன் அறைக் கதவை அளந்து பாருங்கள். நான் அளக்காமல் ஒரு தடவை விறாந்தையில் கட்டிமுடித்துவிட்டு, அறைக்குள் கொண்டுபோக வாளை எடுத்தவன்.

இரும்புக்கு இந்த ஊரில் ஆதரவாளர்கள் அதிகம். கறையானைப் பற்றிய பேச்சே இல்லை, பொக்ஸ் பாரை வெட்டி வெல்டிங் அடித்தால் ஒரு பின்னேரத்தில் சட்டம் ரெடி. ஆனால் வெல்டிங்கின் சூடு மூலையை இழுக்கும். நான் செய்வித்த சட்டத்தின் ஒரு மூலை மட்டத்தைவிட 6 மில்லிமீற்றர் தூக்கி நின்றது. மரமென்றால் சீவுளி போடலாம், இரும்புக்கு என்ன போடுவது? ஒவ்வொரு வயருக்கும், ஒவ்வொரு கட்டைக்கும் துளை போட வேண்டும். துளையின் விளிம்பில் வயர் உரசித் தோல் போனால் மொத்தச் சட்டமும் மின்கம்பியாகிவிடும். ரப்பர் வளையம் போடாமல் வயரை இழுக்கவே கூடாது. கடைகளில் சாமான் அடுக்கும் ராக்கைகளுக்குப் போடுகிற ஓட்டை ஆங்கிளில் துளைத் தொல்லை இல்லை, ஆனால் நீளமாக ஓடவிட்டால் முறுகி ஆடும், மூலைத் தகடு இல்லாமல் நிற்காது. துரு வேறு. உப்புக் காற்று வெட்டு வாயிலும் வெல்டிங் தழும்பிலும்தான் முதலில் பிடிக்கும், பெயின்ட் அடிப்பவர் சோம்பல்படுவதும் அதே இடங்களில்தான்.

இரும்பு வெயிலுக்கு நீண்டு தண்டவாளத்தை வளைத்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது சரியில்லை. தகரக் கூரைக்குக் கீழே பகலுக்கும் இரவுக்கும் 12 பாகை வித்தியாசம் என்று வைத்தால், 3 மீற்றர் நிக்கல் சில்வர் தண்டவாளம் ஏறக்குறைய 0.6 மில்லிமீற்றர் நீளும், இரும்புச் சட்டம் 0.4. இரண்டும் கூடிப் போகின்றன. மரம்தான் வெயிலுக்கு அவ்வளவாக அசையாமல் நின்று தண்டவாளத்தைத் தனியே தவிக்க விடுகிறது. எந்தச் சட்டமானாலும் இணைப்புகளில் சிறு இடைவெளி விட்டால் தீர்ந்தது.

சும்மா கிடக்கும் கதவுப் பலகையை மேடையாக்குவது ஓஓவைவிடச் சின்னதான ‘N’ அளவுக்குத்தான் சரிவரும், 2½ அடி அகலத்தில் அந்தச் சின்ன லைன் சுகமாகத் திரும்பும். உள்ளே பொள்ளலான கதவென்றால் ஈரத்தில் தோல் உரியும். ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பலகை பாரமே இல்லாதது, குளமும் குடாவும் வெட்ட வெண்ணெய் மாதிரி. ஆனால் அது மேலே போடும் சாமான், சட்டம் இல்லாமல் தானாக நிற்காது.

கடைசியில் நான் போய் நின்றது ஒரு கலப்பில். சட்டத்துக்கு மரக்காலைப் பலகையை விட்டுவிட்டு, 18 மில்லிமீற்றர் நீர்தாங்கும் பிளைவுட்டை நீளவாக்கில் பட்டியாக அறுப்பித்தேன். மரம் ஈரத்துக்கு நீளத்தில் அவ்வளவாக மாறாது, குறுக்கேதான் ஊதும். பிளைவுட்டில் ஒரு படையின் நாரை அடுத்த படை குறுக்கே மறிப்பதால் அதுவும் அடங்கிவிடுகிறது. அறுத்த விளிம்பு மட்டும்தான் தண்ணீர் குடிக்கும், அதற்கு இரண்டு தரம் வார்னிஷ். ஒரு தகட்டில் வாள் தின்றது போக நாலங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த 12 பட்டிகள், ஒவ்வொன்றும் 8 அடி. 8க்கு 2½ அடிச் சட்டம் ஒன்றுக்கு 5 பட்டி போகும். ஆக ஒரு தகட்டில் இரண்டு சட்டம், கையில் இரண்டு பட்டி மிச்சம்.

ஓடாவியாருக்கு இதை விளங்கப்படுத்தச் சிரமப்பட்டேன். பிளைவுட்டைப் போய்க் கீலம் கீலமாக அறுப்பதா? ஒரு பட்டியை இரண்டு கதிரைகளுக்கு நடுவே படுக்கையாக வைத்து அமத்தச் சொன்னேன், வில்லாக வளைந்தது. அதையே நிறுத்திப் பிடித்து அமத்தினார், அசையவில்லை. அகலம் தடிப்பைப்போல நாலு மடங்கு என்றால், நிறுத்தி வைத்த பலகை 16 மடங்கு குறைவாக வளையும். என் பட்டியில் அகலம் ஐந்து மடங்குக்கும் மேல். கால்களுக்கு இடைப்பட்ட தூரத்தை இரட்டித்தால் மட்டும் கவனம், நடுவில் ஊன்றும் அதே முழங்கை எட்டு மடங்கு பள்ளம் போடும். "அப்ப விளிம்பில நிறுத்து" என்று வாளை எடுத்தார்.

மேலே 9 மில்லிமீற்றர் பிளைவுட், குடா வரும் இடத்தில் அதை வெட்டிவிட்டு ரெஜிபோம். கால்கள் மட்டும் ஒன்றரை அங்குல பொக்ஸ் பார், சட்டத்தில் போல்ட் போட்டு, சாய்வு முட்டுக் கொடுத்து. ஏணை போல ஆடுகிற மேடைகளில் பாதிக்கு இந்த முட்டு இல்லாததுதான் காரணம். கால் இரும்பாக இருப்பதால் கறையான் புற்றுக் கட்டிக்கொண்டு ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும், மரத்துக்குள்ளால் களவாக வராது. அதற்கும் மேல், சாப்பாட்டு அலுமாரிக் காலுக்கு எறும்பு வராமல் தண்ணீர்ச் சிரட்டை வைப்போமே, அதே மாதிரி ஒவ்வொரு காலையும் பழைய எஞ்சின் ஒயில் ஊற்றிய பால்மா டின்னுக்குள் நிறுத்தியிருக்கிறேன். மணத்தைப் பற்றி வீட்டில் அபிப்பிராயம் வேறு.

பூட்டி முடித்த அன்று ஒரு கிளாஸ் பிளேன்ரீயை நடுச்சட்டத்தில் வைத்துவிட்டு மூலையை முழங்கையால் அமத்தினேன். பழைய மேடையில் இதே சோதனையில் தேத்தண்ணி விளிம்பைத் தாண்டிச் சிந்தியிருந்தது. இதில் மேற்பரப்பு ஒரு தரம் சிலிர்த்துவிட்டு நின்றது. ஓடாவியார் அந்தக் கிளாஸை எடுத்துக் குடித்துவிட்டு, லைனின் அகலம் காணாது, நம்மட கோச்சி இன்னும் அகலம் என்றார். உண்மைதான். நம் பாதை ஐந்தரை அடி, ஓஓவின் அளவில் 22 மில்லிமீற்றர் வர வேண்டும். கடையில் வருவது 16.5.