டர்பனில் ஒரு மேற்படிப்பு ஆலோசனை அலுவலகம்: பேப்பர் வேலைக்குப் போகலாம், ஆலோசனைக்கு வேண்டாம்

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இருக்கிறது இந்த அலுவலகம். பெயரைச் சொல்லப்போவதில்லை. துறைமுகப் பக்கம் ஒரு கிளியரிங் கம்பெனியில் ஸ்டாக் சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. மேலாண்மைத் தகவல் முறைமையில் மாஸ்டர்ஸ் செய்ய ஆசை. கையில் இருப்பது திருநெல்வேலியில் முடித்த மூன்று வருட பி.சி.ஏ.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பட்டம் என்றால் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையமான சாக்வாவின் மதிப்பீட்டுச் சான்றிதழ் தேவைப்படும். அதற்கான பேப்பர்களைப் பார்த்த பெண் (தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க ஆங்கிலம், எனக்கு வாய் நிறைய 'ஆன்ட்டி') கெட்டிக்காரி. மார்க் ஷீட் ஒன்றில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அதுவே அப்பாவின் முழுப் பெயர். நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ள தலைவலிதான். கேட்கும் முன்பே அவள் அதைக் கவனித்து, உறுதிமொழிப் பத்திரம் எழுத வைத்தாள். ஆனால் நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கித்தர பக்கத்துக்கு இவ்வளவு என்று பில் போட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனில் அதை இலவசமாகவே செய்து தருவார்கள்.

அடுத்தது ஆலோசகர். ஃபீஸ், கேம்பஸ், வேலை வாய்ப்பு என்று மழையாகப் பொழிந்தார். "உங்கள் அனுபவமே போதும் மேடம்" என்று நேரே மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பம் போட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரே வரியில் பதில்: ஹானர்ஸ் இல்லை.

இந்த நாட்டுக் கணக்கு இதுதான். படிப்புகளை நிலை நிலையாக அடுக்கி வைத்திருக்கும் தேசியத் தகுதிச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் 7ஆம் நிலை, மாஸ்டர்ஸ் 9ஆம் நிலை. நடுவில் 8ஆம் நிலையில், இளங்கலைக்குப் பிறகு தனியாகப் படிக்கும் 120 கிரெடிட் ஹானர்ஸோ, அதே அளவுள்ள முதுநிலை டிப்ளமோவோ வேண்டும். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேரப் படிப்பு. அப்படியென்றால் 1200 மணி நேரம், வேலையோடு சேர்த்து. பணி அனுபவத்தை முன்கற்றல் அங்கீகாரமாக ஏற்பதும் உண்டு, ஆனால் அது தனி விண்ணப்பம், தனிப் பரிசீலனை. ஆலோசகர் அதைப் பற்றி மூச்சுகூட விடவில்லை.

ஆய்வு பற்றியும் அப்படித்தான். மாஸ்டர்ஸ் 180 கிரெடிட். வகுப்பு வழியில் படித்தாலும் அதில் குறைந்தது 60 ஆய்வுக்குத்தான். முழு ஆய்வு வழி என்றால் ஆய்வுத் திட்டம் எழுத வேண்டும், அதை ஏற்க ஒரு மேற்பார்வையாளரும் கிடைக்க வேண்டும். "சாஃப்ட்வேர் படிப்புதானே, ப்ராஜெக்ட் மாதிரி ஏதாவது இருக்கும்" என்றார் மனிதர். சரி, அவருக்கே தெரியவில்லை போல.

நான்கு வருடப் பட்டக்காரர்களுக்கு இந்த ஹானர்ஸ் சிக்கல் பெரும்பாலும் வராது, அவர்கள் பேப்பர் வேலைக்கு மட்டும் இந்த அலுவலகத்துக்குத் தாராளமாகப் போகலாம். என்னைப் போல பி.சி.ஏ., பி.காம். முடித்தவர்கள் சம்பந்தப்பட்ட துறைக்கே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள், காசு செலவில்லை. நான் இப்போது முதுநிலை டிப்ளமோவுக்கு நேரடியாக விண்ணப்பித்திருக்கிறேன்.

ஐந்துக்கு இரண்டரை. அந்த இரண்டரையும் பேப்பர் பார்த்த பெண்ணுக்கு. ஆலோசனைக் கட்டணத்தில் பாதியையாவது திருப்பித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். மேனேஜர் ஊரில் இல்லையாம்.