ஊர் மண்டபமா, இணையத் திரையா: ஸ்காட்லாந்து வம்சாவளி உரைகளில் எதைத் தேர்வது?

ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில் வாழ்ந்த என் மனைவியின் முன்னோரைத் தேடத் தொடங்கிய நாளிலிருந்து இரு வகை உரைகளைக் கேட்டு வருகிறேன். ஒன்று, குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் இலையுதிர்காலம் தொடங்கி வசந்தம் வரை மாதந்தோறும் தம் ஊர் மண்டபத்தில் நடத்தும் மாலை உரை. மற்றொன்று, தேசிய நூலகமும் பல்கலைக்கழகங்களும் பெரிய சங்கங்களும் ஜூம் வழியாக நடத்தும் இணைய உரை. இந்தப் பருவத்தில் இரண்டுக்கும் நேரம் ஒதுக்க இயலாது என்றானபோது ஊர் மண்டபத்தையே தேர்ந்தெடுத்து, சங்கச் சந்தாவைப் புதுப்பித்துக்கொண்டேன்.

செலவை நீண்ட நேரம் ஆராயத் தேவையில்லை. இரண்டுமே கையைக் கடிப்பவை அல்ல. பயணம் என்று பார்த்தால் இணையமே வசதி. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டி, சாலையில் பனி உறைந்து கிடக்கும் ஊரில், வீட்டைவிட்டுக் கிளம்பாமல் கேட்க முடிவது பெரிய நன்மைதான்.

இணைய உரையின் உண்மையான பலம் முறைகளைக் கற்பிப்பதில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டுக் கையெழுத்தைப் படிக்கக் கற்பவருக்கு, ஒவ்வொரு எழுத்தையும் திரையில் பெரிதாக்கிக் காட்டும் ஆசிரியரைப் போன்ற துணை மண்டபத்தின் பின்வரிசையில் கிடைக்காது. தேவாலய மூப்பர் மன்றங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகள் 2021 முதல் ஸ்காட்லண்ட்ஸ்பீப்பிள் என்ற அரசு ஆவணத் தளத்தில் படங்களாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பெயர் கொடுத்துத் தேட முடியாமல் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருப்பதால், எந்த ஆண்டில் தொடங்கி எதைத் தாண்டிச் செல்வது என்ற உத்தியை இணைய உரைகள் வழியாகவே நான் கற்றேன். பழைய பங்குப் பதிவேட்டில் (பங்கு என்பது ஒரு தேவாலயத்தின் நிர்வாக வட்டாரம்) ஒரு குழந்தையின் பெயர் ஏன் இல்லாமல் போகிறது என்பதற்கான பொதுக் காரணங்களையும் அங்கே தெளிவாக விளக்குகிறார்கள். 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்ததால் ஏழைகள் பலர் பதிவைத் தவிர்த்தனர். 1843இல் நானூறுக்கும் மேற்பட்ட போதகர்கள் ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து வெளியேறி ஃப்ரீ சர்ச்சை அமைத்தபோது, அவர்களைப் பின்பற்றிய குடும்பங்களின் ஞானஸ்நானக் குறிப்புகளும் வேறு ஏடுகளுக்குச் சென்றன.

இவ்வளவு இருந்தும் நான் மண்டபத்தின் பக்கம் சாய்வதற்குக் காரணம் ஒன்றே: ஒரே பெயரில் பலர் இருக்கும்போது அவர்களில் நம்முடைய ஆள் யார் என்று பிரித்தறிவது. இந்தத் தேடலில் பணமும் மாதங்களும் கரைவது இந்த இடத்தில்தான்.

பான்ஃப்ஷயரின் ராத்வென் பங்கை எடுத்துக்கொள்வோம். பக்கி, ஃபிண்டாக்டி, போர்ட்நாக்கி முதலிய மீனவ ஊர்கள் அதற்குள் அடங்கும். பக்கியில் எங்கு திரும்பினாலும் ஸ்மித், கௌவி, ஃபிண்டாக்டியில் ஃப்ளெட், போர்ட்நாக்கியில் மேர், ஸ்லேட்டர். முதல் மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும் இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் வைக்கும் வழக்கம் ஸ்காட்லாந்தில் பரவலாக இருந்ததால், நான்கு மகன்களைப் பெற்ற ஒரு ஜேம்ஸ் ஸ்மித்துக்குச் சில ஆண்டுகளுக்குள் நான்கு ஜேம்ஸ் ஸ்மித் பேரன்கள் அதே தெருக்களில் வளர்ந்திருக்கக்கூடும். 1855இல் தொடங்கிய அரசுப் பதிவு, இறப்புச் சான்றில்கூடத் தந்தை பெயரோடு தாயின் பிறந்தவீட்டுப் பெயரையும் கேட்கிறது. ஸ்காட்லாந்து ஆவணங்களின் மிகப் பெரிய அருமை அது. ஆனால் ஸ்மித் குடும்பத்துப் பையன் இன்னொரு ஸ்மித் குடும்பத்துப் பெண்ணை மணந்த ஊரில் அந்த உதவியும் பாதியாகக் குறைந்துவிடுகிறது. அட்டவணையில் தேடுவதற்குக் கட்டணம் இல்லை என்றாலும், பதிவின் படத்தைத் திறப்பதற்குக் கிரெடிட் வாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு தவறான ஜேம்ஸ் ஸ்மித்தும் காசைத் தின்றுவிடுகிறார்.

அந்த ஊர்க்காரர்கள் இச்சிக்கலை டீ-நேம் எனப்படும் பட்டப்பெயரால் தீர்த்துக்கொண்டார்கள். ஒரே தெருவில் மூன்று முருகேசன்கள் இருந்தால் நம் கிராமங்களில் எப்படி அடையாளம் சொல்வோமோ, அப்படியேதான். சில பதிவேடுகளிலும் கல்லறைக் கற்களிலும் அப்பெயர் குறிக்கப்பட்டிருக்கிறது, பலவற்றில் இல்லை. எந்தப் பட்டப்பெயர் எந்தக் கிளைக்கு உரியது என்ற அறிவு பெரும்பாலும் அந்தக் கரையில் வளர்ந்த முதியவர்களிடமே இருக்கிறது; அவர்கள் மாலை உரைக்கு வந்து, தேநீர் மேசையருகே நின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஒரு மாலை ஹெர்ரிங் மீன்பிடிப் படகுகளைப் பற்றிய உரை நடந்தது. என் தேடலுக்கு அதில் நேரடியாகப் பயன்பட்டது குறைவு. உரை முடிந்ததும், கையோடு கொண்டுசென்றிருந்த 1871ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின் நகலை ஃபிண்டாக்டியில் வளர்ந்த ஒரு மூதாட்டியிடம் காட்டினேன். அவர் எங்கள் குடும்பத்தின் வரியை முதலில் பார்க்கவே இல்லை, மேலும் கீழுமாக அண்டை வீட்டாரின் பெயர்களை விரலால் தடவிக்கொண்டே போய், “இது கரையோர வரிசை. நீங்கள் தேடுகிற கிளை மேல்தெருவில் அல்லவா இருந்தது” என்றார். பிறகு புத்தக மேசையில் அடுக்கியிருந்த கல்லறைக் கல்வெட்டுத் தொகுப்புகளில் ஒன்றை எடுத்து, பட்டப்பெயர் பொறித்த ஒரு கல்லின் பதிவைக் காட்டினார். நான் திறக்கவிருந்த பல படங்களுக்கு அதன்பின் தேவையே இருக்கவில்லை. இணைய உரையிலும் கேள்வி நேரம் உண்டு. ஆனால் பல கண்டங்களில் இருந்து வரும் கேள்விகளுக்குச் சில நிமிடங்களில் பதில் சொல்ல வேண்டிய பேச்சாளரால் பொதுவான வழியைத்தான் காட்ட முடியும். பங்குப் பதிவேட்டில் ஆள் இல்லையென்றால் “பிற சபைகளின் ஏடுகளைப் பாருங்கள்” என்பார். ராத்வென் மண்டபத்தில் கேட்டால், ஏன்ஸி பகுதியில் கத்தோலிக்கர்கள் நெடுங்காலமாக வாழ்ந்ததைச் சொல்லி, பிரெஷோம் ஆலயத்தின் ஏட்டைப் பார்க்கச் சொல்வார்கள்.

மண்டபத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். பேச்சாளர்களின் தரம் ஒரே சீராக இருப்பதில்லை. ஓர் உரையைத் தவறவிட்டால் பெரும்பாலும் அதன் ஒலிப்பதிவு கிடைக்காது. வடகிழக்கின் டோரிக் பேச்சுவழக்கு காதுக்குப் பழகும் வரை பாதி புரியாது. அதைவிடக் கவலைக்குரியது, இந்தச் சங்கங்களைத் தாங்கிநிற்கும் தன்னார்வலர்களில் பலர் முதியவர்கள் என்பது. அந்த மூதாட்டியின் நினைவில் இருப்பது எந்தச் சேவையகத்திலும் ஏற்றப்படவில்லை. அதனால் மண்டபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதை நான் விரும்பவில்லை.

என் அனுபவம் இந்தக் கரையையும் அதை ஒட்டிய விவசாயப் பகுதியையும் தாண்டியதில்லை. விவசாயப் பகுதியிலேயே மண்டபத்தின் பயன் சற்றுக் குறைகிறது. விட்சன் (மே), மார்ட்டின்மஸ் (நவம்பர்) என்ற வேலை ஒப்பந்தத் தவணைகளில் அடிக்கடி பண்ணை மாறிய கூலியாட்களின் பிள்ளைகள் வெவ்வேறு பங்குகளில் பிறந்திருப்பதால், ஓர் ஊரின் நினைவு முழுக் குடும்பத்தையும் எட்டுவதில்லை. கிளாஸ்கோவில் குடியேறிய குடும்பம் என்றால் இணையத்தையே முதலில் பரிந்துரைப்பேன். அங்கே மிட்சல் நூலகத்தில் உள்ள ஏழை நிவாரண விண்ணப்பங்கள் பிறந்த இடம் வரை விவரம் தருகின்றன. அவற்றைப் பயன்படுத்தும் முறையை விளக்கும் நல்ல இணைய உரை ஒன்றே போதுமானதாக இருக்கும்.

தோட்டத்துரை ஒருவரை முன்னோராகக் கொண்ட இலங்கைக் குடும்பங்களுக்கும் தொடக்கம் இணையம்தான். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் கின்கார்டின்ஷயரில் பிறந்தவர். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இத்தகைய ஆவணங்கள் எங்கே சிதறிக் கிடக்கின்றன என்பதை அறிய நிறுவனங்களின் உரைகளே ஏற்றவை. முன்னோர் பிறந்த பங்கு தெரிந்தவுடன் அந்தப் பகுதியின் சங்கத்தில் சேர்ந்து, மண்டபத்தையும் ஜூமையும் இணைத்து உரை நடத்துகிறார்களா என்று விசாரிக்கலாம். நடத்தினால், பண்ணை அல்லது தெருவின் பெயர், ஆண்டு, அண்டை வீட்டார் பெயர்கள் ஆகியவற்றோடு கேள்வியை முன்கூட்டியே அனுப்பி, மண்டபத்தில் இருப்பவர்களுக்கு அதை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.