செக் கேஸா, சிவில் கேஸா, இ.ஓ.டபிள்யூவா?

மஞ்சள் பையோடு வந்தார் பெரியம்மா. உள்ளே 20 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம், ஒரு நிதி கம்பெனியில் வட்டிக்குப் போட்ட 8 லட்சத்துக்கு ரசீதுகள், 'போதிய பணம் இல்லை' என்று திரும்பிய ஒரு செக். நாலு மாதம் வட்டி ஒழுங்காக வந்திருக்கிறது. ஐந்தாம் மாதம் ஆபீஸுக்குப் பூட்டு. சேர்த்துவிட்ட ஏஜென்ட் பக்கத்துத் தெருக்காரர்தான். "போலீசுக்குப் போனா ஒரு பைசா வராதுக்கா" என்கிறாராம். அப்படித்தான் சொல்வார், அவர் பெயரும் அல்லவா எஃப்.ஐ.ஆரில் ஏறும்!

சிவில் கேஸ் போட்டால் தமிழ்நாட்டில் கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம். 8 லட்சத்துக்கு 24 ஆயிரம், வக்கீல் ஃபீஸ் தனி. 2017-க்கு முன்பு இது 7.5 சதவீதமாக இருந்தது என்பதில் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம். ஜெயித்து டிகிரி, அதாவது பணத்தைக் கொடு என்ற கோர்ட் தீர்ப்பாணை, வாங்கினாலும், ஓடிப்போனவன் சொத்தைத் தேடிப் பிடித்து நிறைவேற்றுவது நம் தலையில். ஆள் ஊரில் இருந்து, அவன் பெயரில் வீடு, நிலம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

நுகர்வோர் ஆணையம் மலிவு. இதே தொகைக்கு 200 ரூபாய்தான், வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கம்பெனி இன்னும் நடந்துகொண்டிருந்தால் நல்ல வழி. பூட்டிய கதவுக்கு உத்தரவு வாங்கி என்ன செய்வது?

ஆயிரக்கணக்கானவர்கள் ஏமாந்த கேஸ் என்றால் என் ஓட்டு பொருளாதாரக் குற்றப்பிரிவுக்கு, அதாவது இ.ஓ.டபிள்யூவுக்கு. 1997-ஆம் வருட முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் அரசே கம்பெனி சொத்தை முடக்கும். சிறப்பு நீதிமன்றம் வழியாக விற்று எல்லாருக்கும் பங்கிடும். புகாருக்குச் செலவில்லை. சொத்தைத் தேடுவதும் போலீஸ் வேலை. ஆனால் பொறுமை வேண்டும். திருப்பூர் பாசி நிறுவன மோசடி வெளிவந்தது 2009-இல், கோவை கோர்ட் தண்டனை கொடுத்தது 2022-இல். முடக்கிய சொத்து மொத்தக் கடனில் கால்வாசிதான் என்றால் கைக்கு வருவதும் அந்த அளவுதான்.

வேகமாக நெருக்குவது செக் கேஸ், அதாவது செக் பணமில்லாமல் திரும்பியதற்குப் போடும் கிரிமினல் கேஸ். டைரக்டர் நேரில் வந்து கூண்டில் நிற்க வேண்டும். இரண்டு வருடம்வரை சிறை, செக் தொகையில் இரு மடங்குவரை அபராதம். சிக்கல் நாள் கணக்கில் இருக்கிறது. செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் பணம் கேட்டு செக் கொடுத்தவர்களுக்கு நோட்டீஸ், அது கிடைத்தபின் அவர்களுக்கு 15 நாள், அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கேஸ். ஏஜென்ட் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுப்பதில் முதலில் போவது இந்த 30 நாள்தான். இன்னொன்று: போலீஸ் கம்பெனி கணக்கை முடக்கிய பிறகு போட்ட செக்குக்கு இந்த கேஸ் நிற்பது கஷ்டம். பெரியம்மாவின் செக் அதற்கு முன்பே திரும்பிவிட்டது, நல்லவேளை.

செக் கேஸ் போட்டாலும் இ.ஓ.டபிள்யூ புகாருக்குத் தடையில்லை, இரண்டும் ஓடலாம். ஒரிஜினல் ரசீதை யார் கேட்டாலும் ஜெராக்ஸ் எடுக்காமல் கொடுக்கக் கூடாது. வக்கீலுக்குப் பணமில்லையே என்றார் பெரியம்மா. பெண்களுக்கு வருமானக் கணக்கு பார்க்காமலே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு. 15100-க்குப் போன் செய்தால் போதும். "கமிஷன் கொடுத்தா மொத்தமா மீட்டுத் தர்றோம்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவன் இரண்டாவது திருடன்.

செக் திரும்பியதற்கு பேங்க் கொடுக்கும் சீட்டான ரிட்டர்ன் மெமோவில் இருந்த தேதியைப் பார்த்தேன். 19 நாள் ஆகியிருந்தது. நோட்டீஸை அன்று சாயங்காலமே டைப் அடிக்கக் கொடுத்தோம்.