தவறான விடைக்கும் காரணம் சொல்லும் வேதியியல் கணக்குப் புத்தகம்

நான் ஆய்வக உதவியாளர். கரைசல் தயாரிப்பதும் அதை நீர்க்கச் செய்வதும் 11 வருடங்களாக என் பிழைப்பு. மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதலாம் என்று முடிவெடுத்தபோது வேதியியலைப் பற்றிக் கவலையே படவில்லை. இயற்பியல்தான் பூச்சாண்டி காட்டியது. இந்தப் புத்தகத்தை வாங்கிய இரவே, கொஞ்சம் பெருமையோடுதான், கரைசல்கள் அத்தியாயத்தைத் திறந்து 20 கணக்குகள் போட்டேன். 9 மட்டுமே சரி. யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு முறை சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்.

முதலில் தவறிய கணக்கு இது: 0.6 மோலார் செறிவுள்ள (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு, லிட்டருக்கு 0.6 மோல் என்று பொருள்) உப்புக் கரைசல் 100 மில்லிலிட்டருடன் 200 மில்லிலிட்டர் நீர் சேர்த்தால் புதிய செறிவு என்ன? 0.3 என்று குறித்தேன். சேர்த்தால் மொத்தம் 300 ஆகிறது, விடை 0.2. 200 மில்லிலிட்டராக ஆக்கினால்தான் 0.3. வேலையில் இந்தப் பிழையை நான் செய்யவே மாட்டேன். அங்கே அளவுக் குடுவையின் கழுத்தில் ஒரு கோடு இருக்கிறது. கோடு வரை ஊற்றினால் முடிந்தது. அந்தப் பழக்கத்திலேயே ‘சேர்த்தால்’ என்று அச்சிட்டிருந்ததை ‘ஆக்கினால்’ என்று என் கண் வாசித்துவிட்டது.

புத்தகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. விடைப் பகுதியில் சரியான விடைக்கு வழி காட்டுவதோடு நிறுத்தவில்லை. கொடுத்துள்ள நான்கில் மற்ற மூன்று விடைகளையும் எடுத்துக்கொண்டு, எந்தத் தவறைச் செய்தவர் எந்த விடையில் போய் நிற்பார் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். என் 0.3க்கும் அங்கே ஒரு வரி இருந்தது: இறுதிக் கனஅளவை 200 என்று எடுத்துக்கொண்டவர் இங்கே வருவார் என்று. கையும் களவுமாகப் பிடிபட்ட உணர்வு. இதற்கு முன் நான் பயன்படுத்திய புத்தகங்களில் தவறான விடைகள் ஏதோ நான்கு எண்கள் வேண்டுமே என்று போட்டவை. இதில் ஒவ்வொன்றும் ஒரு குழி.

வேதிவினைக் கூறு விகிதங்கள், அதாவது எந்தப் பொருள் எவ்வளவோடு வினைபுரியும் என்பது பற்றிய அத்தியாயம்தான் மொத்தத்திலும் சிறந்தது. 17 வயதான என் தம்பி மகளும் இதே மாதிரித் தேர்வுக்குப் படிக்கிறாள். என்னைவிட மூன்று மடங்கு வேகம். 28 கிராம் நைட்ரஜனும் 4 கிராம் ஹைட்ரஜனும் இயன்றவரை வினைபுரிந்தால் எவ்வளவு அம்மோனியா கிடைக்கும் என்ற கணக்கை நான் வாசித்து முடிப்பதற்குள், “34 கிராம், அத்தை” என்றாள். ஒரு மோல் நைட்ரஜனுக்கு இரண்டு மோல் அம்மோனியா, ஒரு மோல் 17 கிராம், ஆக 34. சூத்திரம் சரி. ஆனால் 4 கிராம் ஹைட்ரஜன் என்பது 2 மோல்தான். ஒரு மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் வேண்டும். ஹைட்ரஜன்தான் முதலில் தீர்ந்துபோகிறது, அதுவே வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. கிடைப்பது 1.33 மோல், அதாவது 22.7 கிராம்.

இதை எந்தப் புத்தகமும் சொல்லும். இது கூடுதலாக ஒன்று சொல்கிறது: கலத்துக்குள் போட்டதே மொத்தம் 32 கிராம், வெளியே 34 கிராம் எப்படி வரும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால், எந்தப் பொருள் முதலில் தீரும் என்று கணக்கிடாமலேயே அந்த விடையை அடித்திருக்கலாம். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனவள் இரண்டு நாள் கழித்துத்தான் திருப்பித் தந்தாள்.

வாயு விதிகளில் இதே பாணியில் வெப்பநிலைப் பொறிகள் உண்டு. அழுத்தம் மாறாமல் 27 டிகிரி செல்சியஸிலிருந்து 54க்குச் சூடாக்கினால் கனஅளவு இரட்டிக்கும் என்று நினைப்பவர்களுக்காகவே ஒரு வரிசை. கனஅளவு கெல்வினைப் பொறுத்தே ஏறும், செல்சியஸோடு 273 கூட்டினால் கெல்வின். 300 கெல்வின் 327 ஆகிறது, ஏற்றம் வெறும் 9 சதவீதம். இரட்டிக்க வேண்டுமானால் 327 டிகிரி செல்சியஸ் வரை போக வேண்டும். 327 என்ற எண்ணை இரண்டு அளவுகோல்களிலும் வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறார்கள். கொஞ்சம் குசும்பான ஆசிரியர் குழு.

நான் எழுதப்போகும் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. அதனால் மடக்கைக்கென்று (லாக்) ஒதுக்கிய இரண்டு பக்கங்கள் எனக்குப் பெரிய உபகாரம். 2க்கு 0.301, 3க்கு 0.477, 7க்கு 0.845, இந்த மூன்றை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பிஎச் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் எண்) வேண்டுமா? அமிலம் எவ்வளவு அயனிகளாகப் பிரிகிறது என்று சொல்லும் பிரிகை மாறிலி 1.8×10⁻⁵, அதாவது 18×10⁻⁶. 18 என்பது 2ஐ 3ஆல் இரண்டு முறை பெருக்கியது. ஆகவே அதன் மடக்கை 1.255. 6இலிருந்து இதைக் கழித்தால் அமிலத்தின் பிகேஏ (மாறிலியின் மடக்கையைக் குறி மாற்றியது) 4.745 என்று கிடைக்கிறது. அதோடு 0.1 மோலாருக்கான 1 கூட்டிப் பாதியாக்கினால் 2.87. வர்க்கமூலம் எடுக்கவே இல்லை. முதல் தடவை போட்டபோது ஏதோ ஏமாற்று வேலை செய்தது போல இருந்தது.

அமிலங்கள் வரும் இடத்திலேயே 10⁻⁸ மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கணக்கும் இருக்கிறது, பழைய பாட்டுத்தான். பிஎச் 8 என்று எழுதினால் அமிலம் காரமாகிவிடும். நீரே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் சேர்த்தால் 6.98. இதில் இந்தப் புத்தகம் புதிதாக எதுவும் செய்யவில்லை.

வினைகளின் வேகத்தைப் பற்றிய வேக இயலில் சதவீதக் கணக்குகளை அரை வாழ்காலமாக (பொருளில் பாதி தீர ஆகும் நேரம்) மாற்றிப் பார்க்கச் சொல்லித் தருவது நல்ல பழக்கம். முதல் வகை வினை (வேகம் மிஞ்சியிருக்கும் பொருளின் அளவுக்கேற்ப இருப்பது) 75 சதவீதம் முடிய இரண்டு அரை வாழ்காலம், 99.9க்குக் கிட்டத்தட்ட பத்து, ஏனென்றால் 2ஐப் பத்து முறை பெருக்கினால் 1024, பத்து முறை பாதியானால் மிஞ்சுவது 1024இல் ஒரு பங்குதான். ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினைகளைச் சமன் செய்வது பரவாயில்லை ரகம். மின்வேதியியல் மெலிந்து கிடக்கிறது. செறிவோடு மின்கலத்தின் மின்னழுத்தம் மாறுவதைச் சொல்லும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டு ஒரே கணக்கைப் பத்து தடவை கேட்கிறார்கள். அவசரமாக முடித்துக் கொடுத்த அத்தியாயம் போலிருக்கிறது.

இனி என் புகார்கள்.

வாயு அத்தியாயத்தின் முற்பாதியில் ஒரு மோல் வாயுவின் கனஅளவு 22.4 லிட்டர். பிற்பாதியில் இரண்டு விடைகளில் சத்தமில்லாமல் 22.7 ஆகிவிடுகிறது. இரண்டும் தவறல்ல. திட்ட அழுத்தத்தை 1 வளிமண்டலத்திலிருந்து 1 பார் என்று சர்வதேச வேதியியல் ஒன்றியம் 1982இல் மாற்றியது. 0 டிகிரியில் முன்னதற்கு 22.4, பின்னதற்கு 22.7. இதைச் சொல்ல இரண்டு வரி போதும். சொல்லாததால் என் தம்பி மகள் தன் கணக்கில்தான் பிழை என்று நினைத்து மூன்று முறை அழித்து எழுதினாள்.

அதைவிட மோசம் சமநிலை அத்தியாயத்தில். ஒரு கணக்கில் அசிட்டிக் அமிலத்தின் மாறிலி 1.8×10⁵ என்று அச்சாகியிருக்கிறது. அடுக்கிலுள்ள கழித்தல் குறி காணாமல் போய்விட்டது. கண்மூடித்தனமாக எண்களைப் போட்டு, எந்த விடையும் பொருந்தாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வலிமை குறைந்த அமிலத்துக்கு இவ்வளவு பெரிய மாறிலியா என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் மேல் வந்த கோபத்தில் பாதியைப் பிழைதிருத்தியவருக்கும் ஒதுக்குகிறேன்.

புத்தகத்தைத் தைத்துக் கட்டிய விதமும் சரியில்லை. மேசையில் விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்கிறது. ஒரு கையால் பக்கத்தை அழுத்திக்கொண்டு மறு கையால் கணக்குப் போட வேண்டும். ஓரத்தில் எழுத இடம் தாராளம், ஆனால் மை பின்பக்கம் ஊறுகிறது. பென்சில் பயன்படுத்துங்கள். நேரம் வைத்துப் போட்டுப் பார்க்கும் மாதிரித் தேர்வு ஒன்றுகூட இல்லை என்பதும் குறைதான். நானே கலந்து 30 கணக்குகள் எடுத்து, கடிகாரம் வைத்துப் போட்டுக்கொள்கிறேன்.

அடிப்படை தெரியாமல் முதன்முதலாகக் கற்பவர்களுக்கு இது ஏற்றதல்ல. மோல் என்றால் என்ன என்று அரைப் பக்கத்தில் சொல்லிவிட்டுக் கணக்குக்குள் தாவிவிடுகிறார்கள். பாடம் தெரியும், ஆனால் மதிப்பெண் மட்டும் எங்கேயோ ஒழுகிப்போகிறது என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏழு மாதத்தில் கரைசல்கள் அத்தியாயத்தை மூன்றாம் முறையாகப் போட்டேன். அதே 20 கணக்குகளில் இப்போது 18 சரி. தவறிய இரண்டில் ஒன்று இன்னமும் நீர் சேர்க்கும் கணக்குத்தான்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். என்னிடம் இருப்பது முதல் பதிப்பு. இரண்டாம் பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்தக் கழித்தல் குறி திரும்பி வந்துவிட்டதா என்று பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.